பின்னணி இசை இல்லாத சாவு

இரவு பத்து மணிக்கு மேல் வானொலிக்கு அழைப்பவர்கள் ஒரு தனி ரகம். பகலில் அழைப்பவர்கள் பாட்டு கேட்பார்கள், பிறந்தநாள் வாழ்த்து சொல்வார்கள், வைத்துவிடுவார்கள். இரவு அழைப்பவர்களுக்குப் பாட்டு ஒரு சாக்குதான். பேச ஆள் வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. "உங்களுக்குப் பிடிச்ச சினிமா தாதா யாரு?" என்று நேயர்களிடம் கேட்டிருந்தேன். தொலைபேசி ஓயவில்லை. 'நாயகன்' வேலு நாயக்கர், 'பாட்ஷா' மாணிக்கம், நம் ஊர் மண்ணில் நடந்த 'கபாலி' என்று வரிசையாக வந்தார்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் முன்னால் அந்தந்தப் படத்தின் பின்னணி இசையைப் பத்து விநாடி ஓடவிட்டேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

நடுவில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, சுங்கைப்பட்டாணியிலிருந்து ஓர் அம்மா. ஒலிபரப்பில் வர வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"நான் பாட்டு கேக்க அடிக்கலம்மா. என் மவனுக்குப் பதினஞ்சு வயசு. இப்ப நீங்க போட்டீங்களே, அதே மியூசிக்கத்தான் அவனும் அவன் கூட்டாளிங்களும் போன்ல வெச்சிருக்காங்க. முதுகுல நம்பர் போட்ட சட்டைய மாட்டிக்கிட்டு நடந்து வர்றத வீடியோ எடுக்குறாங்க. கேட்டா ஸ்டைலுங்கறான். ரேடியோவுல நீங்களும் அதையே போட்டா, நான் அவனுக்கு என்னன்னு சொல்றது?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாட்டு முடியப் போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று இரவு வீட்டுக்குக் காரோட்டிப் போகும்போது என் அண்ணன் ஞாபகம் வந்தது. அவனும் ஒரு நாள் பின்னணி இசையைப் பற்றித்தான் கேட்டான். ஆனால் அது வேறு கேள்வி.

பசார் மாலாமில் வாங்கிய படம்

அண்ணன் என்றால் என் பெரியம்மா மகன். நாங்கள் பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், ஆள் குறைத்தார்கள், பிறகு லயத்தையும் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு குடும்பமும் சுங்கைப்பட்டாணியில் மலிவு விலை பிளாட்டில் ஒரே மாடிக்கு வந்து சேர்ந்தோம். பாட்டியும் எங்களோடு வந்தார்.

2003ஆம் ஆண்டு. எனக்குப் பதினைந்து வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. பசார் மாலாமில் விசிடி மலிவாகக் கிடைத்த காலம். அண்ணன் ஒரு நாள் மூன்று படம் வாங்கி வந்தான். அதில் ஒன்றின் அட்டை முழுக்கச் சீன எழுத்து. சட்டை போட்ட ஒரு நடுத்தர வயது ஆள் எந்த உணர்ச்சியும் இல்லாமல் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைப் படமாக இருக்கும் என்று நினைத்து எடுத்திருக்கிறான்.

படம் ஓடத் தொடங்கியதும் ஜப்பானியப் பேச்சு கேட்டது. அறையின் மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டி எழுந்து வெளியே போய்விட்டார். பாட்டிக்கு அந்த மொழியின் சத்தமே ஆகாது. 'ஜப்பான்காரன் காலத்தில்' அவருடைய மூத்த அண்ணனைச் சயாம் ரயில் போட ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. 415 கிலோமீட்டர் தண்டவாளம் அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அந்தக் காட்டில் மடிந்தார்கள்.

நானும் அண்ணனும் படத்தைப் பார்த்தோம். ஒரு காட்சியில், கப்பம் கட்ட மறுத்த ஒரு சூதாட்ட விடுதிக்காரரைக் கிரேனில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். மேலே நிற்கும் தலைவன் கூட வந்தவனோடு வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறான். பேச்சு சுவாரசியத்தில் நேரம் போய்விடுகிறது. தூக்கிப் பார்த்தால் ஆள் செத்துக் கிடக்கிறார். தலைவனுக்குக் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. பேருந்தைத் தவறவிட்டவன் மாதிரி ஒரு முகம்.

அண்ணன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு இருவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பின்னால் வரும் இன்னொரு காட்சியில், நெருக்கமான லிஃப்டுக்குள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். யாரும் பாயவில்லை, உருளவில்லை. நின்ற இடத்திலேயே நின்று சுடுகிறார்கள், விழுகிறார்கள்.

அப்போதுதான் அண்ணன் கேட்டான்: "என்னா பாப்பா, இவ்ளோ பேரு சாவுறானுங்க, மியூசிக்கே போடல?"

எனக்கு முன்னால் ஒரு வானொலிக்காரர்

படத்தின் பெயர் எனக்குத் தெரிந்தது ஆறு வருடம் கழித்து, பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது. வகுப்பில் திரையிட்டார்கள். 'சோனதீனே', 1993. இயக்கி நடித்தவர் தகேஷி கிதானோ.

அவர் கதையைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிதானோ முதலில் சினிமாக்காரரே இல்லை. தோக்கியோவின் அசாகுசா வட்டாரத்தில் ஒரு நாடகக் கொட்டகையில் லிஃப்ட் ஓட்டும் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர். அங்கேயே மேடையேறி நகைச்சுவைக்காரர் ஆனார். 1981இலிருந்து 1990வரை நள்ளிரவு வானொலி நிகழ்ச்சி நடத்தினார். ஜப்பானிய இளைஞர்கள் விடிய விடிய விழித்திருந்து கேட்ட நிகழ்ச்சி அது. என் தொழில்காரர்!

1983இல் ஒரு போர்க் கைதி முகாம் படத்தில் அவர் கொடூரமான ராணுவ வீரனாக நடித்தார். தன் நடிப்புக்கு என்ன வரவேற்பு என்று பார்க்கத் திரையரங்குக்கு ஒளிந்து போனாராம். அவர் முகம் திரையில் வந்ததுமே கூட்டம் சிரித்ததாம். கோமாளி அல்லவா! 1989இல் 'வயலன்ட் காப்' மூலம் இயக்குநரானார். 1997இல் 'ஹனா-பி' படத்துக்காக வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்க விருதைப் பெற்றார்.

கிதானோ மேடையில் செய்தது 'மன்சாய்' என்ற இருவர் நகைச்சுவை. ஒருவர் முட்டாள்தனமாக ஏதாவது சொல்வார், மற்றவர் மண்டையில் ஒன்று போடுவார். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். கவுண்டமணி - செந்தில் என்றால் போதும். அடி விழும் நேரம்தான் அங்கே நகைச்சுவை. அரை விநாடி முன்னாலோ பின்னாலோ விழுந்தால் சிரிப்பு வராது.

கிதானோ அந்த நேரக் கணக்கைக் குண்டர் கும்பல் படத்துக்குக் கொண்டுவந்தார். 'சோனதீனே'யில் யாகூசா ஆட்கள் எதிரிகளுக்குப் பயந்து ஒக்கினாவாக் கடற்கரையில் ஒளிந்திருக்கிறார்கள். செய்ய வேலை இல்லை. மணலில் குழி தோண்டி ஒருவரையொருவர் விழவைக்கிறார்கள். காகிதப் பொம்மையை வைத்துச் சுமோ விளையாடுகிறார்கள். இரவில் வாணவேடிக்கையால் 'போர்' நடத்துகிறார்கள். ஆளைக் கொல்லும் தொழில்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கூத்தடிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒருவன் தலையில் குண்டு பாய்கிறது. முன்னறிவிப்பு இல்லை. மெதுவாகச் சாயும் காட்சி இல்லை. கடைசி வார்த்தை பேச அவகாசமும் இல்லை.

அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் அதில் இருந்தது. நிஜத்தில் சாவுக்குப் பின்னணி இசை கிடையாது.

கோழி கொத்திய விரல்

ஜப்பானியர்களும் எப்போதும் இப்படிப் படம் எடுத்தவர்கள் அல்லர். 1960களில் அங்கே ஓடியவை 'நிங்க்யோ' படங்கள். கட்டுப்பாடும் நேர்மையும் உள்ள யாகூசா, அநியாயத்தைப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் வாளோடு தனியாக நடந்து போவார். அந்த நடைக்கு அரங்கம் ஆர்ப்பரிக்கும். நமக்குப் பழக்கமான நடைதான்.

அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் கிஞ்சி ஃபுகாசாகு. 1945இல் அவருக்குப் பதினைந்து வயது. வகுப்பு மாணவர்களோடு ஆயுதத் தொழிற்சாலையில் வேலைக்கு அனுப்பப்பட்டார். தொழிற்சாலை மீது குண்டு விழுந்தது. பிழைத்தவர்கள்தான் செத்த கூட்டாளிகளின் உடல்களை அள்ள வேண்டியிருந்தது. பெரியவர்கள் வீரம், தியாகம் என்று பேசிய எதையும் அதற்குப் பிறகு அவர் நம்பவில்லை.

1973இல் அவர் இயக்கிய 'நியாயமும் மனிதமும் அற்ற சண்டைகள்' ஹிரோஷிமாவின் அணுகுண்டுப் புகையோடு தொடங்குகிறது. போர் முடிந்த கள்ளச் சந்தையில் கும்பல்கள் முளைக்கின்றன. கேமரா ஆடுகிறது, ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள், கொல்லப் போகிறவனும் நடுங்குகிறான். அதில் ஒரு காட்சியை யாராலும் மறக்க முடியாது. செய்த தவறுக்குப் பரிகாரமாகச் சுண்டு விரலை வெட்டிக்கொடுப்பது யாகூசா மரபு. கதாநாயகன் பெரிய சடங்கு மாதிரி உட்கார்ந்து வெட்டுகிறான். துண்டான விரல் எங்கேயோ தெறித்துக் காணாமல் போகிறது. மொத்தக் கும்பலும் தோட்டத்தில் குனிந்து தேடுகிறது. கடைசியில் பார்த்தால் கோழி கொத்திக்கொண்டிருக்கிறது!

அந்தக் கோழியை நினைத்துக்கொண்டு, மானத்துக்காக விரல் வெட்டும் பரம்பரை என்று யாராவது பெருமையாகப் பேச முடியுமா?

பாட்டி பயந்து எழுந்து போன அதே போரைத்தான் ஃபுகாசாகு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தபோது பாட்டி உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் படத்தைப் போட்டுக் காட்டியிருக்க மாட்டேன். ஆனால் சொல்லியிருப்பேன்.

எல்லா ஜப்பானியப் படத்தையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. தகாஷி மீகேயின் 'இச்சி த கில்லர்' 2001இல் தொரொந்தோ விழாவில் திரையிடப்பட்டபோது, பார்வையாளர்களுக்கு வாந்திப் பை கொடுத்தார்கள். விளம்பரத்துக்காகச் செய்ததுதான். ஆனால் படத்தைப் பார்த்தால் பை தேவைப்படலாம். அதில் பெண்களுக்கு நடக்கும் கொடுமைகளை என்னால் சிரித்துக் கடக்க முடியவில்லை, பாதியில் நிறுத்தினேன். அதே மீகேயின் 'டெட் ஆர் அலைவ்' (1999) படமோ வேறு கதை. பழிக்குப் பழி, அதற்கும் மேல் பழி என்று போய், கடைசிச் சண்டையில் ஒருவன் முதுகுப் பக்கமிருந்து ராக்கெட் குண்டையே எடுக்கிறான். இன்னொருவன் நெஞ்சிலிருந்து ஒளிரும் உருண்டையை எடுத்து எறிகிறான். ஜப்பானே வெடித்துப் போகிறது. பழிவாங்குவதை முடிவுவரை கொண்டுபோனால் மிச்சம் என்ன என்பதற்கு இதைவிடப் பெரிய கேலி இல்லை.

ரத்தம் இரண்டு படத்திலும் ஒரே அளவுதான். எதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்பதை நான் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான். அடி வாங்குபவரைப் பார்த்துச் சிரிப்பது ஒன்று. தன்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பவனைப் பார்த்துச் சிரிப்பது இன்னொன்று.

யாகூசாவுக்கு எதைக் கண்டு பயம்?

இதற்கு ஒரு நிஜச் சம்பவமே இருக்கிறது.

1992 மே மாதம் ஜூசோ இதாமி என்ற இயக்குநர் 'மின்போ' என்ற படத்தை வெளியிட்டார். ஒரு பெரிய ஹோட்டலில் யாகூசா ஆட்கள் வந்து உட்கார்ந்து மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். ஊழியர்கள் நடுங்குகிறார்கள். ஒரு பெண் வழக்கறிஞர் வந்து, சட்டத்தில் என்ன இருக்கிறது, இவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார். வழக்கறிஞராக நடித்தவர் இதாமியின் மனைவி நொபுகோ மியாமோத்தோ. பெரிய சண்டை ஏதும் இல்லை. படம் முழுக்க யாகூசாவைக் கத்தத் தெரிந்த கோமாளிகளாகக் காட்டிச் சிரிக்கவைக்கிறார்கள்.

படம் வெளிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இதாமியின் வீட்டருகே ஐந்து பேர் வழிமறித்து, அவர் முகத்தையும் கழுத்தையும் கத்தியால் கீறினார்கள். உயிர் பிழைத்தார். முகத்தில் தழும்போடு மறுபடியும் படம் எடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். அதுவரை ஜப்பானில் எத்தனை யாகூசா படங்கள்! தலையை வெட்டுவதாக, விரலை நறுக்குவதாக, ரத்தம் பீய்ச்சுவதாக. அவற்றைப் பார்த்து அவர்களுக்குக் கோபம் வரவில்லை. கொடூரமானவர்கள் என்று காட்டினால் அது அவர்களுக்கு இலவச விளம்பரம். பார்ப்பவர் பயந்தால்தானே தொழில் ஓடும்? ஒரு நகைச்சுவைப் படம் அந்தப் பயத்தில் கை வைத்தது. அதனால்தான் கத்தி வந்தது.

யாகூசாவைக் குறைத்தது சினிமா இல்லை, சட்டம். கும்பல் ஒழிப்புச் சட்டம் அதே 1992இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1960களின் தொடக்கத்தில் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல் இருந்தவர்கள் இப்போது 20 ஆயிரத்துக்கும் குறைவாகவே இருக்கிறார்கள். ஆனால் சட்டத்தைப் பயன்படுத்த ஊழியர் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். பயம் கொஞ்சம் கழன்றால்தான் எழுந்து நிற்க முடியும். 'மின்போ' அந்த வேலையைத்தான் செய்யப் பார்த்தது.

நம்மிடமும் இருக்கிறது

தமிழில் இப்படி ஒன்றும் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. நாம்தான் அதைக் 'காமெடி' என்று தனியாக எடுத்து வைத்துவிட்டோம்.

'வின்னர்' (2003) படத்தின் கைப்புள்ளயை எடுத்துக்கொள்ளுங்கள். வருத்தப்படாத வாலிபர் சங்கத்தின் தலைவர். வடிவேலு அதில் கிண்டலடித்தது ஊர்ச் சண்டியரின் ஒவ்வோர் அசைவையும்தான். பில்டப், அல்லக்கைகள், அடி வாங்கிய பிறகு அதை மறைக்கும் வீறாப்பு. கைப்புள்ளயைப் பார்த்துவிட்டு எவனும் கும்பலில் சேர்ந்திருக்க மாட்டான். ஆனால் அதே படத்தில் கதாநாயகன் தனியாளாகப் பல பேரைப் பறக்கவிடுவார். காமெடி டிராக்கில் உடைத்ததை ஆக்‌ஷன் டிராக்கில் மறுபடி கட்டிவிடுவார்கள். கிதானோ இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்தார்.

தமிழிலும் அப்படிச் செய்தவர்கள் வந்தார்கள். தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011) இரண்டு தேசிய விருதுகள் பெற்றது. வயதாகிப்போன தாதா, அவரை மிஞ்சப் பார்க்கும் அடியாள், சேவல் சண்டைக்கார அப்பாவும் மகனும் என்று ஒரே நாளில் நடக்கும் கதை. கார்த்திக் சுப்பராஜின் 'ஜிகர்தண்டா' (2014) இன்னும் நேராகவே வந்தது. மதுரை தாதா அசால்ட் சேது தன்னைக் கதாநாயகனாக வைத்துப் படம் எடுக்கச் சொல்கிறார். இயக்குநர் அதை நகைச்சுவைப் படமாக்கிவிடுகிறார். திரையரங்கே சேதுவைப் பார்த்துச் சிரிக்கிறது. இதாமிக்கு நடந்தது எனக்குத் தெரிந்திருந்ததால், அந்த இடத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நம் நாட்டுப் படங்களுக்கு வருவோம். 2016இல் வந்த 'கபாலி'க்கு இங்கே ஒரு தனி முடிவு கிடைத்தது. மற்ற நாடுகளில் துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்த படம், மலேசியத் திரையரங்குகளில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக எழுத்துப் போட்டு முடிந்தது. சரணடைந்தாரா இல்லையா என்பதை எந்தப் பையனும் நினைவில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கோட்டும் நடையும் இசையும்தான் நின்றன.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. 'ஜாஹாட்' என்ற மலாய்ச் சொல் நம் வாயில் பட்டு 'ஜகாட்' ஆனது. தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த ஒரு குடும்பம், 1990களின் தொடக்கம். அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். கற்பனை வளம் உள்ளவன், குறும்புக்காரன். பள்ளிக்கூடத்திலும் அடி, வீட்டிலும் அடி. கும்பலில் இருக்கும் சித்தப்பா மட்டும் அவனுக்குக் கதாநாயகனாகத் தெரிகிறார். பாதிப் படம் நம்மைச் சிரிக்கவைக்கும். மலேசியத் திரைப்பட விழாவில் 2016இல் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது.

அப்போயைப் பார்த்தபோது எனக்கு அண்ணனைத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டுக் கதை

எங்கள் குடும்பத்தில் அண்ணன் மாதிரி சிரிக்கவைத்தவர் யாரும் இல்லை. தோட்டத்துக் கிராணி நடப்பதை நடித்துக் காட்டினால் பாட்டிக்கு வெற்றிலை புரையேறும். நான் இன்றைக்கு மைக் முன்னால் பேசுகிறேன் என்றால், பாதி அவனிடம் கேட்டுக் கற்ற நேரக் கணக்குதான்.

எஸ்பிஎம் சரியாக வரவில்லை. தொழிற்சாலை வேலை ஒத்துவரவில்லை. கார் கடன் கட்டாதவர்களின் வண்டியை இழுத்து வரும் வேலைக்கு ஒரு கூட்டாளி கூப்பிட்டான். அங்கிருந்து ஒரு நம்பர், ஒரு தலைவர், ஒரு கறுப்புச் சட்டை. "எனக்கு ஒன்னுன்னா அம்பது பேரு வருவான் பாப்பா" என்றான். பிளாட்டுக்கு வந்த பிறகு எங்களுக்கு ஒன்று என்றால் வர யாரும் இல்லாமல்தான் இருந்தார்கள். அதனால் அந்த வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்ததில்லை. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. ஏறக்குறைய 40 ஆயிரம் உறுப்பினர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் இந்தியர்கள். நாட்டின் மக்கள்தொகையில் நாம் ஏழு விழுக்காடு அளவில்தான். இந்தக் கணக்குக்குச் சினிமாவைக் குற்றம் சொல்வது சோம்பேறித்தனம். தோட்டம் போனது, வேலை போனது, படிப்பு கைவிட்டது, ஒதுங்க இடம் இல்லாமல் போனது. கும்பல் அந்த இடத்தில் வந்து நின்றது.

அண்ணன் 2008இல் போனான். இருபத்து நான்கு வயது. பெரிய பகை, பெரிய துரோகம் எதுவும் இல்லை. ஓர் உணவுக்கடை வாசலில், யார் நாற்காலியை யார் இழுத்துப் போட்டார்கள் என்ற தகராறு. பிளாஸ்டிக் நாற்காலி. இதை வேறு யாருக்காவது நடந்ததாக அண்ணன் நடித்துக் காட்டியிருந்தால், நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

சாவுக்கு ஐம்பது பேர் வந்தார்கள். அதில் பொய் இல்லை. ஒரே மாதிரி சட்டை, வரிசையாக மோட்டார் சைக்கிள். ஒருவன் ஒலிபெருக்கி கொண்டுவந்து ஒரு பட இசையை வைத்தான். இன்னொருவன் கைப்பேசியில் படம் பிடித்தான். பெட்டி படியிறங்கும்போது எல்லாரும் மெதுவாக நடந்தார்கள். பெரியம்மா நடுவில் உட்கார்ந்து, "அத நிப்பாட்டுங்கடா" என்று கேட்டது யார் காதிலும் விழவில்லை. இசை அவ்வளவு சத்தம்.

'சோனதீனே'யைப் பார்த்துச் சிரித்தவன்தானே, இசை எங்கே என்று கேட்டவன்தானே, அவனை ஏன் அந்தப் படம் காப்பாற்றவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். படம் யாரையும் கும்பலில் சேர்ப்பதும் இல்லை, வெளியே இழுப்பதும் இல்லை. ஆனால் கும்பலுக்குள் போன பிறகு அண்ணன் ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டான். யாரையும் நடித்துக் காட்டுவதை. தலைவர் நடையை நடித்துக் காட்டச் சொல்லி ஒரு தீபாவளிக்கு நான் கேட்டேன். கதவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "அதெல்லாம் வெளயாட்டு இல்ல பாப்பா" என்றான். சிரிக்கக்கூடாத ஓர் இடத்தில் அவன் மாட்டிக்கொண்டான் என்று எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். தாதா படம் பார்க்காதே என்று தடுத்து ஜெயிக்க முடியாது, கைப்பேசி அவர்கள் கையில் இருக்கிறது. கூட உட்கார்ந்து பாருங்கள். 'ஜகாட்' போட்டுப் பாருங்கள். பெரிய சண்டை முடிந்ததும் கேளுங்கள்: இப்ப ஆஸ்பத்திரிக்கு யார் தூக்கிட்டுப் போவா? வீட்டுக்கு யார் போய்ச் சொல்லுவா? பின்னணி இசையைக் குறைத்துவிட்டு அதே நடையை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் சிரிப்பு வரும். வந்தால் நல்லது.

ஜப்பானியப் படங்களைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். அவை வளர்ந்தவர்களுக்கு. நீங்கள் பாருங்கள்.

அந்த அம்மாவின் எண் என்னிடம் இல்லை. மறுவாரம் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியில் பெயர் சொல்லாமல் அவர் கேட்டதைச் சொன்னேன். பிறகு அண்ணனைப் பற்றிச் சொன்னேன். நாற்காலியைப் பற்றியும் சொன்னேன். பேசும்போது பின்னால் மெல்லிசாக ஏதாவது ஓடவிடுவது எங்கள் வழக்கம். அன்றைக்கு எதையும் ஓடவிடவில்லை.

மூன்று நிமிடம் ஆகியிருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தொழில்நுட்பத் தம்பி பதறிப்போய் ஹெட்போனைத் தட்டினான். "அக்கா, பின்னாடி மியூசிக் வரலக்கா. ஏதாச்சும் கோளாறா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு, தொடர்ந்து பேசினேன்.